அந்த பிளீச் ஐடியாவுக்கு இன்னும் லைக் விழுந்துகொண்டிருக்கிறது

காரின் வெளிர் நிற சீட் பெல்ட்டை எப்படிச் சுத்தம் செய்வது என்று நான் மாங்கு மாங்கென்று எழுதிய பதிவைவிட அதன் கீழே வந்த அந்த ஒற்றை வரி கமெண்ட்டுக்குத்தான் இதயக்குறி அதிகம். "பிளீச் அடிங்க பாஸ், அஞ்சு நிமிஷத்துல வெள்ளை." அடுத்து நடந்த கூத்தைத்தான் எல்லோரும் பார்த்தீர்களே. வேண்டாம் என்று சொன்ன நான் 'ஓவர் சீன்', ஊற்றச் சொன்னவர் அனுபவஸ்தர்.

சரி, திரும்பவும் சொல்கிறேன். சீட் பெல்ட்டில் பிளீச் ஊற்றாதீர்கள்.

பார்க்கத் துணி மாதிரி இருப்பதால் துணி என்றே நினைத்துவிடுகிறோம். அது பாலியெஸ்டர் இழைகளை நெருக்கி நெய்த பட்டை. வண்டி மோதும் நொடியில் ஒரு ஆளை, அவர் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு முன்னால் பாய்பவரை, பிடித்து நிறுத்த வேண்டியது. பிளீச்சில் வெள்ளையாகலாம், போட்டோவுக்கு நன்றாக இருக்கும், உள்ளே இழைக்கு என்ன ஆனதென்று கண்ணுக்குத் தெரியாது. கார் மேனுவலைப் புரட்டிப் பாருங்கள், பிளீச் கூடாது, சாயம் கூடாது, பெல்ட் பலவீனமாகும் என்று போட்டிருப்பார்கள். அதை எழுதியவருக்கும் எனக்கும் எந்தச் சொந்தமும் இல்லை.

"பாலியெஸ்டரை பிளீச் ஒன்றும் செய்யாது, நான் கெமிஸ்ட்ரி படித்தவன்" என்கிறார் ஒருவர். படித்தீர்கள், சந்தோஷம். பாட்டிலில் என்ன கலவை, எவ்வளவு நேரம் ஊறவிட்டீர்கள், நெசவுக்குள் தங்கியதை எப்படி அலசினீர்கள்? சட்டையை பக்கெட்டில் போட்டு நாலு தண்ணீரில் அலசலாம். பெல்ட்டின் மறுமுனை வண்டிக்குள் இருக்கிறது சார். மிச்சம் அங்கேயே காய்ந்து நிற்கும், வழிவது பெல்ட்டைச் சுருட்டும் பெட்டிக்குள் இறங்கும்.

நான் செய்வதில் ஒரு ரகசியமும் இல்லை. பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, திரும்ப உள்ளே ஓடாதபடி மேலே ஒரு கிளிப் போட்டுவிடுவேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் மென்மையான சோப்பு, மிருதுவான பிரஷ், நெசவு போகும் திசையிலேயே தேய்ப்பது, அப்புறம் சோப்பு போகும்வரை ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைப்பது. தோள்பட்டை உயரத்தில் பெல்ட் நுழைந்து வரும் வளையத்தையும் துடைக்க வேண்டும், அங்கே சேரும் பிசுக்கினால்தான் பல வண்டிகளில் பெல்ட் சோம்பலாக உள்ளே போகிறது. முழுக்கக் காய்ந்த பிறகுதான் கிளிப்பை எடுப்பேன், கதவைத் திறந்து வைத்து ஒரு ராத்திரி போனாலும் பரவாயில்லை. கழுத்து வேர்வையும் எண்ணெயும் ஏறிய பழுப்பு பெரும்பாலும் போய்விடும். மடிப்பக்கம் ஜீன்ஸிலிருந்து ஏறிய நீலம் முழுதாகப் போகாது. போகாவிட்டால் இருக்கட்டுமே!

அக்காவின் காரை ஒருமுறை கழுவக் கொடுத்திருந்தார்கள். பெல்ட் பளீரென்று வந்தது, என்ன அடித்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஈரத்தோடு சுருட்டி உள்ளே விட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் வண்டியைத் திறந்தாலே பூஞ்சை நாற்றம், பெல்ட் தோளில் பாதி தொங்கி நிற்கும். சர்வீஸில் காட்டுங்கள் என்று சொன்னேன். "உனக்கு எதுலயும் ஒரு குறை கண்டுபிடிக்கணும்" என்றார் அக்கா. அன்றைக்குச் சிரித்து விட்டுவிட்டேன். இப்போது முகம் தெரியாதவர்களும் அதையே சொல்லும்போது அவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடியவில்லை.

"அப்புறம் எதற்கு வெளிர் நிறத்தில் வாங்கினீர்கள்?" வாங்கினேன், பிடித்தது. உங்கள் கறுப்பு பெல்ட்டில் அழுக்கே இல்லையா? அதே வேர்வைதான் சார், உங்களுடையது தெரியவில்லை, என்னுடையது தெரிகிறது.

இதில் உச்சம், "நாங்களெல்லாம் பெல்ட்டே போடுவதில்லை, நல்லாத்தான் இருக்கோம்" என்று பெருமை பேசியவர். முதுகுக்குப் பின்னால் பெல்ட்டை மாட்டி அலாரத்தை ஏமாற்றும் கூட்டம்! 1959-இல் வோல்வோவின் பொறியாளர் நீல்ஸ் போலின் இந்த மூன்று முனை பெல்ட்டை வடிவமைத்தார். மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று அந்தக் காப்புரிமையையே திறந்துவிட்டார்கள். அப்படி உங்கள் வண்டிக்குள் வந்து சேர்ந்ததை உட்கார்ந்து நசுக்குகிறீர்கள், பெல்ட்டைத் துடைக்கும் நான் வேலை இல்லாதவன். நன்றாக இருக்கிறது நியாயம்.

கடைசியாக, ஏற்கெனவே பிளீச் அடித்துவிட்டு "ஒன்னும் ஆகாதுல்ல?" என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு: அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? சர்வீஸில் காட்டுங்கள், மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள். நீங்களே கழற்ற இறங்காதீர்கள், பல வண்டிகளில் அந்தப் பெல்ட்டோடு வெடிப்பொருள் வைத்து இயங்கும் இறுக்கும் அமைப்பும் இருக்கிறது. அப்புறம் இன்னொன்று, கேட்பவர்களில் சிலர் அன்றைக்கு அந்தக் கமெண்ட்டில் என்னைப் பார்த்துச் சிரிப்புக்குறி போட்டவர்கள்தான். பெயர் தெரிகிறது, பார்த்தேன்.