அந்தக் காப்பை அழிக்காதீர்கள்

போன வாரம் அண்ணன் மகன் போன் செய்தான். அவன் தங்கைக்குக் குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆகிறது, 30ஆம் நாள் தொட்டில் போடுகிறார்கள். "அத்தை, அரைப் பவுனாவது போடலேன்னா நல்லா இருக்குமா?" என்று கேட்டான். தாய்மாமன் ஆன சந்தோஷமே அந்தக் குரலில் இல்லை. ஒரு பவுன் 2025 அக்டோபரிலேயே 90,000 ரூபாயைத் தாண்டியாயிற்று. சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தால் அரைப் பவுனுக்கே அவனுடைய இரண்டு மாதச் சம்பளம் போய்விடும். வட்டிக்கு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.

வேண்டவே வேண்டாம் என்றேன். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

பிள்ளைக்குப் போடுகிற நகையை யாரும் ஆஸ்தியாக நினைத்து ஆரம்பிக்கவில்லை. காப்பு என்கிற பெயரிலேயே அது எதற்கு என்பது இருக்கிறது. திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஐந்தையும் சின்னதாகச் செய்து பிள்ளை கழுத்தில் கட்டியதுதான் ஐம்படைத்தாலி. தலையாலங்கானத்துப் போருக்குப் போன பாண்டியன் நெடுஞ்செழியன் பிள்ளைப் பருவத்துத் தாலியைக்கூட இன்னும் கழற்றவில்லை என்று புறநானூற்றின் 77ஆம் பாடல் சொல்கிறது. எங்கள் பக்கத்தில் தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரணாக்கயிற்றில் கோப்பார்கள். பெண் குழந்தை என்றால் அரசிலை, அதாவது அரச இலை வடிவத்தில் ஒரு தகடு. இதில் எங்கேயும் எத்தனை கிராம் என்ற பேச்சே கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரு ஜோடி வெள்ளிக் காப்பு இருக்கிறது. 1974இல் அண்ணன் பிறந்தபோது எங்கள் மாமா போட்டது. இரண்டு முனையிலும் மிளகு அளவில் ஒரு மொட்டு. கை வளர வளர லேசாக விரித்துவிட்டால் போதும். அதில் ஒன்றில் மட்டும் ஒரு மொட்டு சப்பையாக இருக்கும். சின்ன வயதில் அண்ணன் அதைக் கழற்றி அம்மிக் குழவியால் தட்டியது. அதற்கப்புறம் நான் போட்டேன், அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் போட்டார்கள், என் மூத்தவளும் போட்டாள். எந்தக் குழந்தை போட்டாலும் அம்மா முதலில் அந்தச் சப்பை மொட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையைக் கொஞ்சுவார்.

மூத்தவளின் கொலுசு விஷயத்தில் நான் தப்புப் பண்ணிவிட்டேன். சின்னவள் பிறந்ததும், பழசைப் போட்டுப் புதுசு எடுக்கலாம் என்று கடைக்குக் கொண்டுபோனேன். எடை போட்டார்கள், கழிவு பிடித்தார்கள், அவ்வளவுதான். அவள் முதலடி வைத்தபோது சத்தம் போட்ட கொலுசு பழைய வெள்ளி டப்பாவுக்குள் விழுந்தது. புதுசும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் மூத்தவள் பன்னிரண்டு வயதில், "என் கொலுசு எங்கம்மா?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், ஒரே ஒரு உருப்படியையாவது அழிக்காமல் வையுங்கள். வெள்ளி கறுத்தால் கறுக்கட்டும், திருநீறு போட்டுத் தேய்த்தால் வந்துவிடும்.

இல்லை, பொட்டுத் தங்கமாவது போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு கிராம் மோதிரம் போடுங்கள், நல்லதுதான். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, அதனால் தெரிந்த இடத்தில் பில் போட்டு வாங்குங்கள். கொலுசில் முத்து ஆடுகிறதா என்று வாரம் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், பிள்ளை வாயில் போட்டுவிடும். கழுத்துச் சங்கிலியைத் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். விசேஷ வீட்டில் மாமன் என்ன போட்டான் என்று தட்டை எட்டிப் பார்த்துப் பேசுகிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பையன்கள் வட்டிக்கடைக்குப் போகிறார்கள்.

அண்ணன் மகன் கடைசியில் சரி என்றான். புதுசாக ஒரு வெள்ளி அரைஞாண் அவன் வாங்குகிறான், காப்பை நான் எடுத்து வருகிறேன். நேற்று பெட்டியிலிருந்து எடுத்துத் தேய்த்தேன். ஒன்று ரொம்ப விரிந்திருந்ததால் வளைவைச் சரிபண்ண ஆசாரியிடம் கொடுத்தேன். "இந்த மொட்டையும் உருட்டிடவாம்மா?" என்று கேட்டார். அதை மட்டும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.