ஒரு பந்தயத்துக்கு 100 டாலர்: இந்த வரம்பு யாரைக் காப்பாற்றியது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக் கசினோக்களைப் (சூதாட்ட விடுதிகளைப்) பற்றிப் பேச்செடுத்தாலே, "பந்தயத்துக்கு உச்சவரம்பு இருந்த காலத்தில் சாமானியன் தப்பித்தான்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். போக்கர் என்னும் சீட்டாட்டத்தின் மேசையில் ஒரு மாலைப்பொழுதுகூட உட்கார்ந்திராதவர்கள் இதை அத்தனை உறுதியாகச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பிளாக் ஹாக், சென்ட்ரல் சிட்டி, கிரிப்பிள் கிரீக் ஆகிய மூன்று மலை ஊர்களில் 1991 அக்டோபரில் கசினோக்கள் திறக்கப்பட்டபோது, ஒரு பந்தயத்துக்கு 5 டாலருக்கு மேல் வைக்கக் கூடாது என்பது சட்டம். 2009 ஜூலையில் அது 100 டாலராயிற்று. 2021 மே மாதத்தில்தான் வரம்பு நீங்கியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த மேசைகளில் நடந்ததைப் போக்கர் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

போக்கரில் பந்தயம் என்பது ஆட்டத்தில் நீடிக்க எதிராளியிடம் நாம் கேட்கும் விலை. கையில் இரண்டு ஏஸ் இருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரியும் ஐந்து சீட்டுகளில் நான்கு விரிந்துவிட்டன, அவற்றில் இரண்டு ஹார்ட்டின். நடுவில் 500 டாலர் சேர்ந்திருக்கிறது. எதிரே இருப்பவர் கையிலும் இரண்டு ஹார்ட்டின் இருக்கின்றன, என் ஏஸ்களை வெல்ல ஐந்தாவது ஹார்ட்டினுக்காகக் காத்திருக்கிறார் என்பது அவர் சிப்ஸை (பணத்துக்குப் பதிலான வில்லைகளை) உருட்டுவதிலேயே தெரிகிறது. அது கடைசிச் சீட்டில் விழ, ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு. நான் 500 டாலர் வைத்தால் அவர் சீட்டை மடித்துவிட்டு, அதாவது அந்தச் சுற்றை விட்டுக்கொடுத்து, விலக வேண்டும். மடிக்காவிட்டால் நஷ்டம் அவருடையது. 100 டாலர் காலத்துச் சட்டமோ என்னை அதோடு நிறுத்திவிடுகிறது. 600 டாலரை வெல்ல 100 டாலர் கொடுப்பது அவருக்குக் கணக்குப்படி லாபம், ஆகவே கொடுக்கிறார், அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவரும் கொடுக்கிறார். 5 டாலர் காலத்தில் இது இன்னும் கேவலம்: நடுவில் 60 டாலர் இருக்கும்போது வரும் 5 டாலர் பந்தயத்துக்கு, கட்டில் மிச்சமிருக்கும் நான்கே சீட்டுகளில் ஒன்று விழும் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கூட மடிக்கத் தேவையில்லை. பிளஃப் செய்யவும், அதாவது மோசமான சீட்டை வைத்துக்கொண்டு பெரிய பந்தயத்தால் எதிராளியை மிரட்டவும், வழியில்லை, ஏனென்றால் 5 டாலருக்குப் பயந்து யாரும் எழுந்து போவதில்லை. எதிராளியைப் படிக்கும் திறமை, பொறுமை, துணிச்சல் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டுக் கடைசிச் சீட்டு யாருக்கு விழுகிறது என்பதை மட்டும் மிச்சம் வைத்த சட்டம்தான், சூதாட்டத்தைக் கட்டுப்படுத்த வந்ததாகச் சொல்லிக்கொண்டது.

அதே அறையின் மறுபக்கத்தில் ஸ்லாட் இயந்திரங்கள் இருந்தன. 5 டாலர் வீதம் நிமிடத்துக்குப் பத்து முறை சுழற்றினால் ஒரு மணி நேரத்தில் 3,000 டாலர் பந்தயம் போய்விடும்; அதைத் தடுக்க அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஒற்றைப் பந்தயத்தை மட்டும் எண்ணி, ஒரு மனிதர் ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு இழக்கிறார் என்பதை எண்ணாத வரம்பு எப்படிப் பாதுகாப்பாகும்? வரம்பைத் தளர்த்த வாக்கெடுப்பு நடந்த இரண்டு முறையும், 2008-லும் 2020-லும், வாக்காளர்களிடம் முன்வைக்கப்பட்ட முக்கியக் காரணங்களுள் ஒன்று சமுதாயக் கல்லூரிகளுக்கு வரும் கூடுதல் வரிப்பணம். சாமானியனின் மீதிருந்த அக்கறை அப்போது எங்கே போயிற்று என்று நான் கேட்கிறேன்.

ஃபுளோரிடாவின் கதை இதைவிட மோசம். 2007 ஜூலை வரை அங்கே 2 டாலர்தான் உச்சப் பந்தயம். பிறகு நோ-லிமிட் ஆட்டத்தை (எதிரே இருக்கும் பணம் முழுவதையும் ஒரே பந்தயத்தில் வைக்கலாம்) அனுமதித்து, 100 டாலருக்கு மேல் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது என்றார்கள். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பணத்துக்குப் பிளைண்ட் என்று பெயர்; அது 2 டாலர், 5 டாலர் என்றிருக்கும் ஆட்டத்தில், 100 டாலர் என்பது பெரிய பிளைண்டைப் போல் இருபது மடங்குதான். இரண்டு முறை யோசித்துப் பந்தயம் வைப்பதற்குள் முழுப் பணமும் நடுவில் கிடக்கும். 2010 ஜூலையில் அதையும் நீக்கினார்கள். தெற்கு டகோட்டா மாநிலத்தின் டெட்வுட் ஊரிலும் 1989-இல் 5 டாலரில் தொடங்கி, 2000-இல் 100, 2012-இல் 1,000 என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். முதலில் வைத்த எண்ணுக்கு நியாயம் இருந்திருந்தால் இப்படி ஏற்றியிருக்க வேண்டியதில்லை.

உண்மையிலேயே மக்களைக் காக்க விரும்பும் சட்டமன்றம், ஒருவர் ஒரு நாளில் இழக்கக்கூடிய மொத்தத் தொகைக்கு வரம்பு வைக்கட்டும். அதை ஸ்லாட் இயந்திரங்களிலிருந்து தொடங்கட்டும். போக்கர் மேசையில் நான் எவ்வளவு பந்தயம் வைக்கலாம் என்பதை என் எதிரே இருக்கும் சிப்ஸ் தீர்மானிக்கட்டும்.