நாற்றம் போனால் கிருமியும் போய்விடுமா?

"கழிவுநீர்க் கசடை ஒரு வாரம் வெயிலில் காயப்போடுங்கள், நாற்றம் போனதும் அருமையான உரம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உரம் என்பது சரி. தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் உண்டு. ஆனால் நாற்றம் அடங்கிவிட்டதால் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

மனிதக் குடலில் வாழும் உருண்டைப்புழுவின் முட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாது, ஓடு மட்டும் படு கெட்டி. மேலே வெடித்துக் காய்ந்த கசடைக் கிளறினால் அடியில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தில் முட்டை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். அதைக் கொல்வது நீடித்த சூடு. அமெரிக்க விதிப்படி, கசடை மக்க வைப்பதானால், காற்று செலுத்தும் குவியலில் 55 டிகிரி செல்சியஸ் சூடு 3 நாள் நிற்க வேண்டும். திறந்தவெளி வரிசைக் குவியலுக்கு 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல். ஓரத்தில் சூடேறாமல் கிடப்பது நடுவுக்கு வரத்தான் இந்தப் புரட்டல்.

"சுண்ணாம்பு தூவினாலும் போதும்" என்கிறது அதே செய்தி. தூவினால் போதாது. நன்றாகக் கலந்து, பிஹெச் (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 12-க்கு ஏற்றி, 2 மணி நேரமாவது வைக்க வேண்டும். பாக்டீரியா பெருமளவு குறையும். புழு முட்டை அப்போதும் தப்பிக்கலாம்.

அப்புறம் காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள். இவை எந்தச் சூட்டுக்கும் அழியாது. ஆலைக்கழிவு கலந்த கசடு என்றால், ஆய்வகச் சோதனை இல்லாமல் வயலில் இறக்கவே கூடாது.