வயதான ஹைபிரிட்டை விற்றுவிட்டு அதைவிடப் பழைய கார் வாங்கலாமா? வாங்கலாம் என்கிறேன்

பெற்றோல் எஞ்சினும் பற்றரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும், பன்னிரண்டு, பதின்மூன்று வயதான ஹைபிரிட் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, பற்றரியை மாற்றுவதா காரையே மாற்றுவதா என்று யோசிப்பவர்கள் கொழும்பில் இப்போது நிறையப் பேர். டொயோட்டாவின் சின்ன ஹைபிரிட்டான அக்குவா ஜப்பானில் 2011 டிசம்பரில் வெளிவந்தது. அதன்பிறகு வந்த சில ஆண்டுகளில் வரிச் சலுகையோடு இங்கே வந்து குவிந்த ஹைபிரிட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முதுமைக்கு வந்து நிற்கின்றன. எனக்கும் அதே கேள்வி வந்தது. ஹைபிரிட்டை விற்று, வெறும் பெற்றோலில் ஓடும் 2003 ஆம் ஆண்டு டொயோட்டா வைட்ஸ் ஒன்றை வாங்கினேன். மாதம் கொஞ்சம்தான் ஓடுகிறீர்கள் என்றால் நீங்களும் அதைச் செய்யலாம் என்பது என் கருத்து.

முதலில் ஹைபிரிட்டுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரைக்கும் மாலை நேரத்தில் ஊர்ந்து போகிறவனுக்கு அதைவிட நல்ல வாகனம் கிடையாது. நிற்கும்போது எஞ்சின் ஓய்ந்துவிடும், பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மின்சாரம் திரும்பக் கிடைக்கும். 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபாய்க்குப் போனதையும், அப்புறம் கியூஆர் பங்கீட்டு முறை வந்து காருக்கு வாரம் 20 லீட்டர் என்று அளந்து கொடுத்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த 20 லீட்டரில் வீட்டு வேலை அத்தனையும் முடித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் வகுப்புக்கு ஏற்றி இறக்க முடிந்தது ஹைபிரிட் வைத்திருந்தவர்களால்தான்.

ஆனால் அந்தப் பற்றரிக்கு வயதாகும்போது கதை வேறு. அக்குவாவின் பெரிய பற்றரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அது ஒரே பற்றரி இல்லை. 20 துண்டுகள் வரிசையாக இணைந்து 144 வோல்ட் கொடுக்கின்றன. டொயோட்டாவின் இன்னொரு ஹைபிரிட்டான பிரியஸில் 28 துண்டுகள். வண்டியில் பூட்டிய மாடுகளில் ஒன்று நொண்டினால் மற்றவை எவ்வளவு திடமாக இருந்தும் வண்டி அதன் வேகத்தில்தான் போகும், இதுவும் அப்படித்தான். ஒரு துண்டு தளர்ந்தால் முழு வரிசையும் தளர்கிறது, மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. இந்த நிக்கல் வகைப் பற்றரிக்குச் சூடு ஆகாது. கொழும்பு வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதைக் குளிர்விக்கிற காற்று பின் சீட்டின் ஓரத்திலுள்ள ஒரு சிறிய வலைக்கண் வழியாகத்தான் உள்ளே போகிறது. பைகளையும் துணிகளையும் அந்த இடத்தில்தான் நாங்கள் போட்டு அடைக்கிறோம். கராஜில் ஒரு காரின் வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார்கள்: தூசியும் முடியும் பஞ்சும் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி இருந்தது. ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து முடித்ததும் போய் அந்த இடத்தைப் பாருங்கள்.

“ஒண்டு ரெண்டு செல்லை மட்டும் மாத்தலாம்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செலவு குறைவு, உண்மை. ஆனால் மற்றத் துண்டுகளும் அதே வயதுதானே? கொட்டாஞ்சேனையில் நான் வழக்கமாகப் போகும் கராஜ் பாஸ் என்னிடம் நேராகவே சொன்னார்: “அண்ணே, இப்ப இத மாத்தலாம். அடுத்தது எப்ப போகும்னு என்னால சொல்ல ஏலாது.” வேலையை வேண்டாம் என்று சொல்லக்கூடிய நேர்மை அந்த மனிதரிடம் இருந்தது. அதற்காகவே அவரிடம் போகிறேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். கொழும்பு நெரிசலில் என் ஹைபிரிட் லீட்டருக்கு 18 கிலோமீற்றர் ஓடியது. வைட்ஸ் 12 ஓடுகிறது. ஜப்பானிய அளவீட்டில் அக்குவாவுக்கு 35.4 என்று போட்டிருந்தார்கள். அந்த எண்ணை நம் வீதிகளில் யாரும் தேட வேண்டாம். மாதம் 600 கிலோமீற்றர் ஓடினால் ஹைபிரிட்டுக்கு 33 லீட்டர், வைட்ஸுக்கு 50 லீட்டர். லீட்டர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் மாதம் 5,000, வருடம் 60,000. புதிய பற்றரிக்கு நான்கு லட்சம் என்று வைத்தால், அந்தக் காசு ஆறரை வருடத்துக்கும் மேலான பெற்றோல் வித்தியாசத்துக்குச் சமம். ஆறு வருடத்தில் அந்த ஹைபிரிட்டுக்கு வயது இருபதை நெருங்கிவிடும். அதற்கிடையில் பிரேக் பம்ப் போனால், பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கேற்ப மாற்றிக் கொடுக்கிற இன்வேர்ட்டர் போனால், அது தனிச் செலவு.

இதே கணக்கை வாடகைக்கு ஓடுகிறவருக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 2,000 கிலோமீற்றர் என்றால் வித்தியாசம் ஏறக்குறைய 16,700 ரூபாய். நான்கு லட்சம் இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிடும். அவர் தாராளமாகப் புதிய பற்றரி போடட்டும். நான் சொல்வது பள்ளிக்கூடம், அலுவலகம், கோயில், சந்தை என்று ஊருக்குள் சுற்றுகிறவர்களுக்கு. குறைவாக ஓடுகிறவர்களின் ஹைபிரிட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: வாரக்கணக்கில் நின்றால் பற்றரி தானாகவே இறங்கும், துண்டுகளுக்கிடையே சமநிலை கெடும். ஓடாமல் வைத்துக் காப்பாற்றலாம் என்றால் அதுவும் நடக்காது.

பழைய வைட்ஸில் என்ன இருக்கிறது? 997 சீசீ எஞ்சின், டைமிங் செயின், நான்கு கியர் ஓட்டோ. அவ்வளவுதான். நடுவில் ஒரு டிஜிட்டல் மீட்டர். எந்தச் சந்தியில் நின்றாலும் பக்கத்துக் கராஜில் இருப்பவருக்கு அதைத் திறக்கத் தெரியும். பழைய வாகனப் பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனால் கண்ணாடியிலிருந்து கியர்பெட்டி வரை கழற்றிய பாகமாகவே எடுக்கலாம். ஹைபிரிட்டைத் திறக்கத் தெரிந்தவர்களும் கொழும்பில் இருக்கிறார்கள்தான். ஆனால் காரின் கணினியிலிருந்து கோளாறைப் படிக்கிற ஸ்கானர் வேண்டும், உயர் மின்னழுத்தத்தில் கைவைக்கப் பயிற்சி வேண்டும், அவர் சொல்லும் நாளுக்கு நாம் காத்திருக்க வேண்டும்.

“ஏன், புதுசாகவே ஒன்று எடுக்கலாமே” என்று சிலர் கேட்டார்கள். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்தாலும் வரியைக் கட்டிப் புதிய கார் எடுக்கிற வசதி மாதச் சம்பளக்காரர் எத்தனை பேருக்கு இருக்கிறது? லீசிங் எடுத்தால் பெற்றோலில் மிச்சம் பிடித்ததையெல்லாம் வட்டி தின்றுவிடும்.

அப்புறம் கௌரவம். மாமாவுக்கு மனம் ஆறவே இல்லை. “நல்ல காரை வித்துப்போட்டு ஆராவது பழசை வாங்குவினமோ?” என்று கேட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. இந்த ஊரில் காரின் இலக்கத் தகட்டைப் பார்த்துத்தான் ஆளை அளக்கிறார்கள். கலியாண வீட்டு வாசலில் எந்தக் கார் முன்னால் நிற்கிறது என்று பார்க்கிற பழக்கம் நம்மவரிடம் நன்றாகவே இருக்கிறது. அந்தப் பார்வைக்காக நான்கு லட்சம் கொடுக்க எனக்கு மனமில்லை. பிள்ளைகளின் படிப்புக்கு அந்தக் காசு வேண்டும்.

விற்கும்போது ஒன்று செய்யுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பற்றரியைப் பரிசோதித்த அறிக்கையை வாங்குகிறவர் கையில் கொடுங்கள். ஸ்கானரால் எச்சரிக்கையை அழித்துவிட்டு, அது மறுபடி எரிவதற்குள் காரைத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவரும் நம்மைப்போல ஒரு குடும்பக்காரர்தான். பல வருடச் சேமிப்பைக் கொண்டு வருகிறார். நான் அறிக்கையைக் காட்டியே விற்றேன். விலை குறைந்தது, குறைய வேண்டியதுதான்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்களுக்கு: பெயின்ட் பளபளப்பில் மயங்க வேண்டாம். டிக்கியின் விரிப்பைத் தூக்கி, ஸ்பெயார் டயர் இருக்கும் குழியைப் பாருங்கள். 2016 மே வெள்ளத்திலும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்திலும் களனி ஆற்றோரம் நீரில் நின்ற வாகனங்கள் கொஞ்சநஞ்சமில்லை. குழிக்குள் காய்ந்த சேறோ, சீட்டுக்கு அடியில் துருப்பிடித்த போல்ட்டோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கடலோர மரீன் டிரைவ் பக்கம் நின்ற கார் என்றால் உப்புக்காற்று அரித்திருக்கும், ஜாக்கி போட்டு அடியைப் பாருங்கள். பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் கைமாறி வந்த காரைத் தொட வேண்டாம். முக்கியமாக, காலையிலேயே வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று விற்பவரிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பொனட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், குளிர்ந்த எஞ்சினின் கோளாறு உங்களுக்குத் தெரியாது, அன்றைக்கு விலை பேசாதீர்கள். இன்னொரு நாள், இன்னும் நேரத்தோடு போங்கள்.