ஜூன் மாதத்தில் பனிச்சறுக்குக் காலணி

நாஜி வதைமுகாமிலிருந்து பிழைத்து வந்த யாரைப் பற்றிப் பேச்செடுத்தாலும், நம் ஆட்கள் அதைக் கடைசியில் தன்னம்பிக்கை வகுப்பாக்கிவிடுகிறார்கள். மன உறுதி இருந்தது, அதனால் பிழைத்தார், நாமும் அப்படி இருக்கணும், அவ்வளவுதான். எனக்கு எரிச்சலாக வருகிறது. அப்படியென்றால் செத்துப்போன லட்சக்கணக்கானவர்களுக்கு மன உறுதி இல்லையா?

கெர்டா வைஸ்மன் க்ளைனை எடுத்துக்கொள்ளுங்கள். போலந்தின் பியெல்ஸ்கோ ஊர்க்காரர், யூதப் பெண். 1939 செப்டம்பரில் ஜெர்மன் படை ஊருக்குள் நுழைந்தபோது வயது 15. அடுத்த மாதமே அண்ணன் ஆர்தரைக் கூட்டிப்போனார்கள்; அதற்குப் பிறகு குடும்பம் அவரைப் பார்க்கவே இல்லை. அப்பா, அம்மா, கெர்டா மூவரும் சொந்த வீட்டின் நிலவறையிலேயே அடைந்து கிடந்தார்கள். 1942 ஜூனில் அவர்களையும் பிரித்தார்கள். கிளம்பும் முன், பனிச்சறுக்குக் காலணியைப் போட்டுக்கொள் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். கொளுத்தும் வெயில் காலம். மகள் மறுத்துப் பார்த்தார், அப்பா விடவில்லை. அம்மாவும் அப்பாவும் திரும்பி வரவில்லை.

அந்தக் காலணிக்குள்தான் குடும்பப் புகைப்படங்களை ஒளித்துவைத்து முகாம் முகாமாகக் கொண்டுபோனார். 1945 ஜனவரி கடைசியில், ரஷ்யப் படை நெருங்கியதும் கைதிப் பெண்களை நடக்கவிட்டார்கள். அவர் இருந்த வரிசையில் ஏறக்குறைய 2,000 பேர். செக் நாட்டின் வோலாரிவரை 500 கிலோமீட்டருக்கும் மேல். திறந்த செருப்போடு நடந்த பெண்களின் கால்விரல்கள் பனியில் விறைத்து ஒடிந்ததைப் பார்த்ததாகப் பின்னாளில் சொன்னார். அவர் காலில் அப்பாவின் பிடிவாதம் இருந்தது. கடைசியில் மிஞ்சியவர்கள் 120 பேர் அளவில்தான்.

தோழி இல்ஸ் மிஞ்சவில்லை. முகாமில் இருந்தபோது வேலைக்குப் போகிற வழியில் இல்ஸுக்கு ஒரே ஒரு ராஸ்பெர்ரிப் பழம் கிடைத்தது. வாயில் போட்டுக்கொள்ளவில்லை. நாள் முழுக்கப் பையில் வைத்திருந்து, சாயங்காலம் ஒரு இலைமேல் வைத்துக் கெர்டாவிடம் கொடுத்தாள். அந்தப் பெண் நடைப்பயணத்தின் கடைசி நாட்களில் கெர்டாவின் மடியிலேயே இறந்துபோனாள். இவளுக்கா மன உறுதி குறைவு?

1945 மே 7. மறுநாள் கெர்டாவுக்கு 21 வயது. எடை முப்பது கிலோ சொச்சம், தலைமுடி நரைத்திருந்தது. வோலாரியில் அடைத்துவைத்திருந்த தொழிற்சாலை வாசலுக்கு ஓர் அமெரிக்க ராணுவ அதிகாரி வந்தார். "நாங்கள் யூதர்கள், தெரியுமில்லையா?" என்று சொல்லிவிட வேண்டும் என்று கெர்டாவுக்குத் தோன்றியது. அந்த மனிதர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நானும்தான்" என்றார். மற்ற பெண்களைப் பார்க்க உள்ளே போகும்போது, கதவைத் திறந்து பிடித்து, கெர்டாவை முன்னால் போகச் சொன்னார். மறுபடி மனுஷியானது அந்த நொடியில்தான் என்று கெர்டா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அதிகாரி கர்ட் க்ளைன். 1946இல் பாரிசில் கல்யாணம். அப்புறம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் குடித்தனம், மூன்று பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

1996இல் கெர்டாவைப் பற்றிய குறும் ஆவணப்படத்துக்கு ஆஸ்கார் கிடைத்தது. இயக்குநர் பேசி முடித்த பிறகும் கெர்டா மேடையை விட்டு நகரவில்லை. நான் ஏன் இங்கே நிற்கிறேன், செத்துப்போனவர்களைவிட நான் மேலானவள் இல்லையே என்றார். வீட்டில் சும்மா உட்கார்ந்து சலிப்போடு கழிக்கும் ஒரு சாயங்காலம்கூடக் கிடைக்காமல் போனவர்களை நினைத்துக்கொண்டார். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இந்த இரண்டு வரியை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள்.

கர்ட்டின் கதையையும் விட்டுவிடுகிறார்கள். அவர் ஜெர்மனியில் வால்டார்ஃபில் பிறந்தவர். பதின்ம வயதில், 1937இல், அமெரிக்காவுக்கு அனுப்பிவைக்கப்பட்டார். பெற்றோரைக் கூட்டிக்கொள்ள விசாவுக்காக அவரும் உடன்பிறந்தவர்களும் வருஷக்கணக்கில் அலைந்தார்கள். இந்தப் பத்திரம், அந்தச் சான்று என்று இழுத்தடித்து, ஒருவழியாக அனுமதி வந்தபோது பெற்றோரை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ரயிலேற்றி மாதங்கள் ஆகியிருந்தன.

2011இல் ஒபாமா கெர்டாவுக்கு நாட்டின் உயரிய குடிமக்கள் விருதை அணிவித்தார். 2022 ஏப்ரலில் 97 வயதில் ஃபீனிக்ஸில் காலமானார். அமெரிக்கா மேல் அவருக்குக் கடைசிவரை தீராத நன்றி இருந்தது. அது அவர் உரிமை, மதிக்கிறேன். ஆனால் நாம் இந்தக் கதையைச் சொல்லும்போது, அமெரிக்கா அவருக்கு வாழ்வு கொடுத்தது என்று சுபம் போட்டு முடிக்கக் கூடாது. அவருடைய மாமனார் மாமியாரின் விண்ணப்பம் கிடந்ததும் அதே அரசாங்கத்தின் மேஜையில்தான்.