“கவனித்து வருகிறார்கள்” என்று எழுதுகிற புண்ணியவான்களுக்கு

கால்பந்து ஆட்டக்காரர்கள் கிளப் மாறுவதைப் பற்றிய டிரான்ஸ்ஃபர் செய்திகளில் தவறாமல் வரும் ஒரு வரி: “இந்த மிட்ஃபீல்டரை மூன்று பெரிய கிளப்கள் உன்னிப்பாகக் கவனித்து வருகின்றன.” கவனிக்காமல் வேறென்ன செய்வார்கள்? ஒவ்வொரு பெரிய கிளப்பிலும் ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்க்கிற ஸ்கவுட் படை இருக்கிறது. ஆட்டத் தரவுகளைக் காசு கொடுத்து வாங்கி அலசுவதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு பொசிஷனுக்கும் நீளமான பட்டியல் இருக்கிறது. ஐரோப்பாவில் ஓரளவு பந்து ஆடத் தெரிந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு பட்டியலில் இருப்பார்கள். ஆகவே இந்த வாக்கியம் ஒருநாளும் பொய்யாகாது. வாங்கினால் “அப்போதே சொன்னேனே”. வாங்காவிட்டால் “கவனித்தார்கள், வேண்டாமென்று விட்டுவிட்டார்கள்”. டிரான்ஸ்ஃபர் செய்தி தப்பாகப் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தப்பு என்று எவரும் நிரூபிக்கவே முடியாதபடி எழுதுகிறார்களே, அந்த அயோக்கியத்தனம்தான் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது.

“ஆர்வம் காட்டுகிறது”, “விசாரித்திருக்கிறது”, “நிலைமை வேகமாக மாறலாம்”, “எதற்கும் வாய்ப்பிருக்கிறது”. எல்லாம் ஒரே மாவில் சுட்டவை. கிளப்காரர் ஏஜென்டுக்குப் போன் போட்டு “உங்க பையன் நிலவரம் என்ன?” என்று கேட்டால் அது விசாரணை, சரி. ஏஜென்டே கிளப்புக்குப் போன் போட்டு “எங்க பையன் வேணுமா?” என்று கேட்டு, வேண்டாம் என்று அவர்கள் வைத்துவிட்டாலும் மறுநாள் தலைப்பில் அது “ஆர்வம்” ஆகிவிடுகிறது. யார் யாருக்குப் போன் போட்டார்கள் என்பதை மட்டும் எழுத மாட்டார்கள். செய்தியே அதுதானய்யா!

இதிலெல்லாம் மகா மோசம், “பெர்சனல் டெர்ம்ஸ் ஓகே”. சம்பளம், எத்தனை வருஷம், போனஸ் என்று ஆட்டக்காரரும் புதுக் கிளப்பும் பேசி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். கேட்க முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி இருக்கும். வாங்குகிற சம்பளத்தைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்றால் எவர்தான் மாட்டேன் என்பார்? கஷ்டம் முழுக்க விற்கிற கிளப்போடு விலை பேசுவதில் இருக்கிறது. அது இன்னும் தொடங்கியே இருக்காது. இன்னொன்று: ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரரோடு பேசுமுன் அவருடைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால்தான் வேறு கிளப்போடு அவர் தன்னிஷ்டத்துக்குக் கையெழுத்துப் போடலாம் என்கிறது ஃபிஃபா விதி. அப்படியானால் “டெர்ம்ஸ் ஓகே, கிளப்போடு இனிதான் பேசணும்” என்று எழுதுகிறவர் ஒன்று விதிமீறலைப் பற்றி எழுதுகிறார், அல்லது ஏஜென்ட் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறார். பெரும்பாலும் இரண்டாவது. 2017 ஜூனில் தன் ஆட்டக்காரர் வான் டைக்கை லிவர்பூல் முறைகேடாக அணுகியது என்று சவுத்தாம்ப்டன் பிரீமியர் லீகிடம் முறையிட்டது. லிவர்பூல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, எங்களுக்கு இனி ஆர்வமில்லை என்று அறிக்கை விட்டது. 2018 ஜனவரியில் அவரையே 75 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. கிளப்பின் அதிகாரபூர்வ மறுப்புக்கு ஆயுள் எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

விலை விஷயத்துக்கு வருவோம். ஒரே டீலுக்கு நாலு பேர் நாலு தொகை போடுவார்கள், கீழே ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள். 2023 ஜனவரியில் முத்ரிக் செல்சிக்குப் போனபோது 70 மில்லியன் யூரோ நிச்சயத் தொகை, 30 மில்லியன் போனஸ் என்று அவரை விற்ற ஷக்தார் கிளப் அறிவித்தது. அதை 100 மில்லியன் என்றும் எழுதலாம், 70 என்றும் எழுதலாம், இரண்டிலும் பொய் இல்லை. விற்றவருக்கு 100 என்று சொன்னால் பெருமை, வாங்கியவருக்கு 70 என்று சொன்னால் சாமர்த்தியம். எந்த நிருபர் எந்த எண்ணைப் போடுகிறார் என்று பார்த்தாலே அவர் எந்தப் பக்கத்து ஆளிடம் பேசினார் என்பது தெரிந்துவிடும். அடுத்து நாணயம். செல்சி வாங்கிய என்சோ ஃபெர்னாண்டஸுக்கு, விற்ற பென்ஃபிக்கா சொன்னது 121 மில்லியன் யூரோ, இங்கிலாந்தில் எழுதியது 106.8 மில்லியன் பவுண்டு. இரண்டும் ஒரே பணம். “14 மில்லியன் எங்கே போச்சு?” என்று துப்பறியக் கிளம்பியவர்களை என்ன சொல்வது!

எண் வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் வேறு. பங்குச் சந்தையில் இருக்கும் கிளப் பெரிய டீலை முதலீட்டாளர்களுக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். டோர்ட்முண்ட், யுவென்டஸ், பென்ஃபிக்கா, போர்ட்டோ எல்லாம் அப்படித்தான். 2023இல் பெல்லிங்ஹாமை விற்றதற்கு 103 மில்லியன் யூரோ, அதற்கு மேல் சுமார் 30 சதவீதம் வரை நிபந்தனைத் தொகை என்று டோர்ட்முண்ட் சொன்னது. 2021இல் ரொனால்டோவை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றபோது 15 மில்லியன் யூரோ, கூடவே 8 மில்லியன் வரை போனஸ் என்று யுவென்டஸ் சொன்னது. பொய் சொன்னால் அபராதம் கட்ட வேண்டிய காகிதம் அது. அதைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் சிவப்பு விளக்கு எமோஜி போட்ட சமூக ஊடகக் கணக்கு சொல்வதைத்தான் உலகம் நம்புகிறது.

அந்தக் கணக்குகளின் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஸ்பெயினில் இரவு நேர ரேடியோ விவாதத்தில் ஒருவர் “இந்தப் பையன் ரியல் மாட்ரிட்டுக்குப் பொருத்தமா இருப்பான்” என்கிறார். அது கருத்து. மறுநாள் ஓர் இத்தாலியத் தளம் “ஸ்பெயின் ஊடகங்களின்படி மாட்ரிட் விரும்பக்கூடும்” என்கிறது. இங்கிலாந்துத் தளத்தில் அந்தக் “கூடும்” உதிர்ந்துபோய் “மாட்ரிட் குறிவைக்கிறது” ஆகிறது. பத்து லட்சம் பேர் பின்தொடரும் தொகுப்புக் கணக்கு அதற்கு “பிரேக்கிங்” பட்டம் சூட்டுகிறது. சாயங்காலம் அதே ஸ்பானிய ரேடியோவில் “இங்கிலாந்திலும் உறுதி செய்துவிட்டார்கள்!” என்கிறார்கள். நாலு நாட்டில் வந்த செய்தி என்று ரசிகன் சத்தியம் செய்கிறான். ஊற்று ஒன்றுதான், அதுவும் ஒருவரின் ஆசை.

சும்மா சொல்லவில்லை. 2009 ஜனவரியில் மால்டோவாவைச் சேர்ந்த 16 வயது மாசல் புக்டுவ் என்ற ஆட்டக்காரரை லண்டன் டைம்ஸ் தன் 50 இளம் நட்சத்திரங்கள் பட்டியலில் 30ஆவது இடத்தில் வைத்தது, ஆர்சனல் வாங்கக்கூடும் என்ற குறிப்போடு. அப்படி ஒரு ஆளே இல்லை! போலி ஏஜென்சிச் செய்தி, வலைப்பூ, மன்றப் பதிவு என்று ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்படி யாரோ திட்டம் போட்டு நட்ட கதை. 2014இல் இன்னொரு கூத்து அம்பலமானது. பத்திரிகையாளர் வேஷத்தில் ட்விட்டர் கணக்கு நடத்தி, 20,000 பேருக்கும் மேல் சேர்த்து, டிரான்ஸ்ஃபர் “உள்விவரம்” அள்ளி விட்டுக்கொண்டிருந்தது லண்டனைச் சேர்ந்த 17 வயதுப் பள்ளி மாணவன். அப்போதைய கருவிகளுக்கே இந்தக் கதி.

இந்த “உள்ளே இருப்பவர்” கணக்குகளின் சூத்திரம் எளிது. ஒரே ஸ்ட்ரைக்கரை ஆறு கிளப்போடு ஆறு பதிவில் இணைக்க வேண்டும். அவர் போகிற கிளப்பின் பதிவை வைத்துக்கொண்டு மிச்சம் ஐந்தையும் அழிக்க வேண்டும். பிறகு “மார்ச்சிலேயே சொன்னது யார்?” என்று ஸ்கிரீன்ஷாட் போட வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தாலும் பரவாயில்லை. இவர்கள் தோப்பு முழுக்கக் காக்கையைப் பறக்கவிட்டுப் பழத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிறார்கள். சோதிக்க வேண்டுமா? அந்தக் கணக்கில் ஒரு ஆட்டக்காரரின் பெயரைப் போட்டு, பழைய தேதியிலிருந்து வரிசையாகப் பாருங்கள். நடக்காமல் போன டீலைப் பற்றி ஒரு பதிவாவது இருக்கிறதா, ஏன் முறிந்தது என்று எழுதியிருக்கிறாரா? அதற்குச் சுவடே இல்லை என்றால் ஆளை விட்டுவிடலாம். சரியாகச் சொன்னவற்றை எண்ணிப் பயனில்லை. பத்தாயிரம் பதிவு போட்டால் கண்ணை மூடிக்கொண்டும் நூறு பலிக்கும்.

ஒழுங்கானவர்கள் இல்லாமல் இல்லை. நிருபர் டேவிட் ஆர்ன்ஸ்டீன் ஒரு செய்தி போட்டால் அதில் எந்தக் கட்டம் என்று இருக்கும்: விலை சொல்லி ஆஃபர் போனதா, ஏற்றார்களா, மெடிக்கல் என்கிற உடல் பரிசோதனை எப்போது. ஃபாப்ரிசியோ ரொமானோவின் “ஹியர் வீ கோ” வந்தால் பெரும்பாலும் காகிதம் தயாராகிவிட்டது என்று பொருள். ஆனால் அந்த மூன்று சொல்லுக்கு இருக்கும் மதிப்பை அவருடைய தினசரிப் பதிவு மழை முழுவதற்கும் கொடுப்பது ரசிகனின் முட்டாள்தனம். “இன்று பேச்சுவார்த்தை தொடர்கிறது” என்று அவர் எழுதினாலும் அது “தொடர்கிறது” மட்டும்தான். ஒரே கிளப்பை வருஷக்கணக்காகப் பின்தொடரும் உள்ளூர் நிருபர் இவர்களைவிடப் பல நேரம் துல்லியம், அவர் கிளப் யாரை வாங்குகிறது என்ற வரைக்கும். டீல் முறிந்தால் மட்டும் அவரை நம்பக் கூடாது. “எதிர்த்தரப்பு கடைசி நேரத்தில் பேராசைப்பட்டது” என்றுதான் எப்போதும் வரும். அது கிளப் பி.ஆர். ஆள் ஊட்டிவிட்ட வரி. அடுத்த செய்தி கிடைக்க வேண்டுமே, நிருபர் என்ன செய்வார் பாவம்.

ஏஜென்ட் பக்கம் இதைவிட வெளிப்படை. ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் ஒன்றரை வருஷம் மிச்சம், புதுப்பிக்கும் பேச்சு இழுக்கிறது, அதே வாரத்தில் நாலு பெரிய கிளப் பெயர் பத்திரிகையில் வருகிறது என்றால் டிரான்ஸ்ஃபரைத் தேடாதீர்கள், சம்பள உயர்வைத் தேடுங்கள். 2024 பிப்ரவரியில் முடிந்த ஓராண்டில் மட்டும் பிரீமியர் லீக் கிளப்கள் ஏஜென்டுகளுக்குக் கொடுத்தது 400 மில்லியன் பவுண்டுக்கும் மேல். அவ்வளவு பணம் புரளும் இடத்தில் ஒரு நிருபருக்கு ஓசியில் செய்தி வருகிறதென்றால் கூலி வேறெங்கோ கொடுக்கப்படுகிறது.

இப்போது ரசிகப் பெருமக்களுக்கும் கொஞ்சம். முறிந்த டீலையும் புளுகையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல், உழைத்து எழுதியவனைப் போய் “பொய்யன்” என்று திட்டுகிறீர்கள். 2018 ஜூலையில் மால்கமை விற்கிறோம் என்று பிரான்ஸின் போர்டோவும் வாங்குகிறோம் என்று ரோமாவும் அறிவித்தார்கள். விமான நிலையத்தில் ரோமா ரசிகர்கள் காத்திருந்தார்கள். மறுநாள் அவர் பார்சிலோனா ஆட்டக்காரர். 2023 ஆகஸ்டில் கைசெடோவுக்கு லிவர்பூலின் 111 மில்லியன் பவுண்டை பிரைட்டன் ஏற்றுக்கொண்டதை லிவர்பூலின் அப்போதைய பயிற்சியாளர் கிளோப்பே உறுதி செய்தார். பையன் செல்சிதான் வேண்டுமென்றார், 100 மில்லியனும் 15 மில்லியன் கூடுதலுமாக அங்கேயே போனார். 2018இல் ஃபெகிர் மெடிக்கலுக்குப் போனபின் லிவர்பூல் டீல் நின்றது. முழங்கால்தான் காரணம் என்று உலகமே எழுதியது, அவர் பிற்பாடு அதை மறுத்தார். 2025 செப்டம்பர் 1 அன்று கிரிஸ்டல் பேலஸின் கெஹியை லிவர்பூலுக்கு விற்க 35 மில்லியன் பவுண்டுக்குப் பேசி முடிந்து, மெடிக்கல் வரை வந்தது. மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று பேலஸ் பின்வாங்கியது. இதையெல்லாம் அந்தந்த மணிநேரத்தில் எழுதியவர்கள் உண்மையைத்தான் எழுதினார்கள்.

ஆட்டக்காரரை வாங்கி விற்க அனுமதிக்கும் காலம், அதாவது டிரான்ஸ்ஃபர் விண்டோ, மூடும் கடைசி நாளில் என்னதான் நடக்கிறது என்பதையாவது தெரிந்துகொண்டு கத்தலாம். இங்கிலாந்தில் பேச்சு முடிந்தும் காகிதம் முடியாத டீலுக்கு டீல் ஷீட் என்று ஒன்று இருக்கிறது. விண்டோ மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் அதை லீகுக்கு அனுப்பினால் மிச்சக் காகிதங்களுக்கு இரண்டு மணி நேரம் கூடுதல். 2025 கோடையில் மாலை 7 மணிக்கு மூடினார்கள், ஷீட் அனுப்பியவர்களுக்கு 9 மணி வரை. ஷீட் போனதாலேயே டீல் முடிந்ததாகாது; முடிக்க நேரம் கிடைத்தது, அவ்வளவே. வெளிநாட்டு டீல் என்றால் ஃபிஃபாவின் டி.எம்.எஸ். என்ற டிரான்ஸ்ஃபர் பதிவுக் கணினியில் இரு கிளப்பும் கொடுத்த விவரம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். 2017இல் அட்ரியன் சில்வாவின் பதிவு 14 விநாடி தாமதம். லெஸ்டருக்கு 2018 ஜனவரி வரை அவரால் ஆட முடியவில்லை. 2015இல் யுனைடெட் கோல்கீப்பர் டி ஹேயாவின் காகிதம் மாட்ரிட்டுக்கு நேரத்துக்குப் போகவில்லை. தாமதம் யாரால் என்று இரண்டு கிளப்பும் ஆளுக்கொரு நேரப் பட்டியல் வெளியிட்டுச் சண்டை போட்டன. இதற்கு நடுவில் தனி விமானத்தின் பாதையைத் தடவிக்கொண்டு “வந்துட்டார், வந்துட்டார்!” என்பவர்களை என்ன செய்வது. விமானத்தில் யார் இருக்கிறார் என்று ராடார் சொல்லாது.

ஆட்டக்காரரை இரவல் கொடுக்கும் லோன் செய்தி எழுதுகிறவர்கள் தனிக் கூட்டம். “லோன், 120 மில்லியன் யூரோ” என்று தலைப்பு. வாங்கியே ஆக வேண்டுமா, விரும்பினால் வாங்கலாமா என்ற ஒரு சொல் இருக்காது. 2019இல் கொட்டின்யோ பேயர்னுக்குப் போனது 8.5 மில்லியன் யூரோ லோன் கட்டணத்தில்; 120 மில்லியன் என்பது விரும்பினால் மட்டும். பேயர்ன் விரும்பவில்லை, அவர் பார்சிலோனாவுக்குத் திரும்பினார். கட்டாயமென்றால் தவணையில் வாங்குவது, விருப்பமென்றால் ஓட்டிப் பார்ப்பது. இரண்டும் கிளப் கணக்குப் புத்தகத்தில் வெவ்வேறு பக்கம். “இதில் எதுங்க?” என்று அந்தப் பதிவுக்குக் கீழே கேட்டுப் பாருங்கள், உடனே பிளாக்.