திண்ணை எல்லாருக்கும், கூட்டுறது யாரு?

மாஸ்டடான்னா ட்விட்டர் மாதிரிதான், ஆனா ஒரே கம்பெனி இல்ல, ஆளாளுக்குத் தனித்தனி சர்வர் நடத்துவாங்க, ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். அதுல நம்ம சர்வரை மூடப்போறேன்னு நேத்து அட்மின் போட்ட அறிவிப்புக்குக் கீழ வந்த பதிலெல்லாம் பாத்தீங்கல்ல. "மூணு மாசம் டைம் பத்தாது", "பொறுப்பில்லாத ஆளு", ஒருத்தர் "நம்பிக்கைத் துரோகம்"னே போட்டுட்டாரு. துரோகமாம். சர்வர் வாடகைக்குன்னு அந்த மனுஷன் லிங்க் போட்டப்பெல்லாம் எத்தன பேரு நூறு ரூபா போட்டீங்க?

2019 நவம்பர் ஞாபகம் இருக்கா? சுப்ரீம் கோர்ட் வக்கீல் சஞ்சய் ஹெக்டே அக்கவுண்ட்டை ட்விட்டர் முடக்குச்சுன்னு கோவத்துல கூட்டமா மாஸ்டடானுக்குக் கிளம்பிப் போனோமே. கம்பெனி இல்ல, விளம்பரம் இல்ல, அல்காரிதம் இல்ல, நம்ம வீடு நம்ம சட்டம்னு. எல்லாம் உண்மைதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா வீடுன்னா யாராவது கூட்டணும்ல?

நான் எட்டு மாசம் அங்க மாடரேட்டரா, அதாவது புகார் வர்ற பதிவைப் பாத்து அழிக்கிற ஆளா இருந்தேன், சம்பளமெல்லாம் கிடையாது, ராத்திரி சாப்பிட உக்காந்தா ரிப்போர்ட் வரும், திறந்தா வேற ஏதோ சர்வர்லேர்ந்து எவனோ அனுப்புன பாக்கக்கூடாத படம், அத அழிச்சுட்டு சோத்துல கை வைக்க முடியாம எந்திரிச்சிருக்கேன். "யாருக்குடா இந்த வேலை பாக்குற"ன்னு அம்மா கேட்டாங்க. முழிச்சேன். சரின்னு அந்த சர்வரையே பிளாக் பண்ணினா, "மஸ்க்குக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்"னு பஞ்சாயத்து. வித்தியாசம் இருக்கு சார். அவரு ட்விட்டரை 4400 கோடி டாலருக்கு வாங்கினாரு, எங்காளு கைக்காசு போட்டு ஓட்டினாரு.

கம்பெனிக்கு முட்டுக் குடுக்குறியான்னு வருவீங்க. இத மார்க் வீட்டுத் திண்ணைல, ஃபேஸ்புக்குல உக்காந்துதான் எழுதுறேன், தெரியும், சொல்லிக்காட்ட வேணாம். காசில்லாதவங்க என்ன பண்ணுவாங்கன்னு கேட்டா, அது நியாயம், எங்கிட்ட பதிலில்ல.

"வேற சர்வருக்கு மாறிக்கலாம், அதானே இதோட அழகு"ங்கறாங்க பாருங்க, அதான் தாங்கல. மாறலாம். ஃபாலோயர்ஸ் கூட வருவாங்க, பழைய பதிவு வராது. அப்பா போன அன்னிக்கு அங்கதான் எழுதினேன், முகம் தெரியாதவங்க விடிய விடிய பதில் போட்டாங்க. நேத்து ஆர்க்கைவ் எடுத்தேன், நான் எழுதினது வந்துச்சு, அவங்க எழுதினது வரல.

அதுக்கு யாரத் திட்டுறது? அட்மினுக்கு போன் பண்ணினேன், எடுத்ததும் "சாரிங்க"ன்னாரு. எங்கிட்ட எதுக்கு சாரி? நேத்து ராத்திரியும் பாக்கியிருந்த ரிப்போர்ட்டெல்லாம் முடிச்சுட்டுதான் படுத்தாராம்.